எல்லாருக்கும் ஒன்பது பன்னிரண்டு

ஷஹீமா எழுதிய கன்ஸ்ட்ரக்டரில் ஒரு குற்றமாவது கண்டுபிடிக்காமல் மத்தியானச் சோறு இறங்காது என்று ஹரிசன் காலையிலேயே முடிவுகட்டிவிட்டான்.

வெள்ளவத்தை காலி வீதியில், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய அலுவலகம். கல்யாண வீட்டாருக்காக, விருந்தினரின் போனுக்கு அழைப்புச் செய்தி அனுப்பும் மென்பொருள்தான் தொழில். அதில் அழைப்பை ஆக்கி அனுப்பும் கோட் துண்டுக்குக் கிளாஸ் என்று பெயர்; அதற்குள் விபரங்கள் நுழையும் வாசல்தான் கன்ஸ்ட்ரக்டர். ஹரிசன் அங்கே ஐந்து வருடமாகக் குப்பை கொட்டுகிறான். ஷஹீமா வந்து ஒன்றரை வருடம். டீம் லீடர் யாரென்று இன்று பின்னேரம் அறிவிப்பார்கள். முதலாளி கதிர்காமநாதன் வாயைத் திறந்தாலோ ஷஹீமா புராணம்தான். போதாக்குறைக்கு இந்தக் கிழமை மூன்று முறை அவள் முதலாளியின் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு கதைத்துவிட்டு வந்தாள். ஹரிசனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

நேற்றைய கூட்டத்தில்கூட முதலாளி உருகினார். "ஷஹீமான்ர கிளாஸைப் பாருங்கோ. தனக்கு வேண்டின ஒண்டையும் அது தேடி ஓடாது. பிறக்கேக்கையே கன்ஸ்ட்ரக்டர் வழியா வெளியில இருந்து வாங்கிக்கொள்ளும். என்ன வடிவு!"

அந்த வடிவைத்தான் ஹரிசன் இப்போது திறந்துவைத்துக்கொண்டு முறைத்தான். செய்தி அனுப்பும் பகுதி, விருந்தினர் பட்டியல் போன்ற பெரிய சாமான்களை மென்பொருளே அடையாளம் கண்டு கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்துவிடும். கடைசியில் வெறும் இரண்டு இலக்கங்கள் இருந்தன. முகூர்த்தத்தின் மணியும் நிமிடமும். எந்த இலக்கம் எதற்கு என்று மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது. அதனால் ஷஹீமா ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிக் கொடுத்திருந்தாள். அன்று பத்து மணிக்கு அழைப்புப் போகவிருந்த கல்யாணத்துக்கு, மணி: 9, நிமிடம்: 12.

"ரெண்டு இலக்கத்துக்குப் பேர் வேற வைக்கோணுமாம்!" என்று ஹரிசன் சிரித்தான். "ஷஹீமா, உம்மட கோடை நான் கொஞ்சம் துப்புரவாக்கட்டே?"

"எதுக்கு? அது நல்லாத்தானே ஓடுது" என்றாள் ஷஹீமா.

"ஓடுறது வேற, வடிவா ஓடுறது வேற."

அவன் இரண்டு பெயர்களையும் அழித்தான். வெறும் 9, 12 மிஞ்சின. கன்ஸ்ட்ரக்டரின் உள்ளே நிமிடம் முதலாவதாகவும் மணி இரண்டாவதாகவும் இருந்ததை அவன் கவனிக்கவில்லை. பெயர் இருந்தவரை முன்பின் ஒழுங்கைப் பற்றி ஒருவரும் கவலைப்படவேண்டியிருக்கவில்லை. பத்து மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அழைப்புப் போனது.

பத்தேகாலுக்கு வரவேற்பு மேசையிலிருந்து மேபல் போனைக் கொடுத்தாள். மறுமுனையில் மணமகளின் தாய் அருந்ததி.

"தம்பி, உங்களுக்குக் கண் தெரியாதோ? முகூர்த்தம் பன்னிரண்டு ஒன்பதெண்டு போட்டிருக்கிறியள்! புதன்கிழமை பன்னிரண்டு மணி என்ன நேரம்?"

"மத்தியான நேரம், அன்ரி."

"ராகு காலம்! என்ர பிள்ளைக்கு ராகு காலத்தில தாலி கட்டச் சொல்லுறீரோ? சம்பந்தி வீட்டாக்கள் போனுக்கு மேல போன்!"

"அஞ்சு நிமிஷத்தில சரிப்படுத்துறன்" என்றான் ஹரிசன். முதலாளிக்குத் தெரியமுதல், முக்கியமாக ஷஹீமா பார்க்கமுதல் காரியம் முடியவேண்டும். கன்ஸ்ட்ரக்டருக்குள் மணியை முன்னுக்கும் நிமிடத்தைப் பின்னுக்கும் மாற்றினான். அவசரத்தில், இலக்கம் கொடுக்கும் இடத்திலும் ஒன்பதையும் பன்னிரண்டையும் இடம் மாற்றிவிட்டான். இரண்டு பக்கமும் மாற்றினால் பழைய கணக்குத்தானே வரும். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இரண்டாவது செய்தி போனது: 'முன்னைய செய்தியில் பிழை நேர்ந்தமைக்கு வருந்துகிறோம். சரியான முகூர்த்தம் 12.09.'

இந்த முறை அருந்ததி கத்தவில்லை, அழுதார். மாப்பிள்ளையின் தகப்பன் வாகனம் பிடித்து வந்துகொண்டிருக்கிறாராம்.

ஹரிசன் கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தான். ஷஹீமா அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தாள். அந்த அமைதியைப் பார்க்க இன்னும் எரிச்சல் வந்தது. 'இவளின்ர கன்ஸ்ட்ரக்டரும் வேண்டாம், வெளியில இருந்து வாங்கிறதும் வேண்டாம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்பதையும் பன்னிரண்டையும் கிளாஸுக்கு உள்ளேயே நேராக எழுதிவிட்டான். மூன்றாவது செய்தி போனது. 9.12. சரியோ சரி. அருந்ததி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நன்றி சொன்னார். ஹரிசன் ஒரு பிளேன் டீ ஊற்றிக்கொண்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தான்.

பன்னிரண்டு மணிக்கு மற்றக் கல்யாணங்களின் அழைப்புகள் போயின. அதே கிளாஸ்தான் எல்லாவற்றையும் அனுப்புகிறது என்பது முதல் போன் வந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. மாளிகாவத்தையிலிருந்து மக்கீன் ஹாஜியார்.

"தம்பி, எங்கட மகள்ட நிக்காஹ் அஸர் தொழுதுட்டு நாலரை மணிக்கி. ஒம்பது பன்னெண்டுண்டு நாள் பார்த்துக் குடுத்த ஐயர் யாரு?"

அடுத்தது கொட்டாஞ்சேனையிலிருந்து. பின்னேரம் கத்தோலிக்கக் கோயிலில் பூசையோடு நடக்கவிருந்த கல்யாணத்துக்கும் அதே ஒன்பது பன்னிரண்டு. அன்றைக்கு அந்த மென்பொருளில் பதிந்திருந்த பதினேழு ஜோடிகளும், மதம் இனம் பாராமல், ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் கட்ட இருந்தார்கள்.

கதிர்காமநாதன் சிவந்த முகத்தோடு வெளியே வந்தார்.

"ஹரிசன், ஓடின கோடில ஏன் கை வச்சனீர்?"

"துப்புரவாக்கினனான் சேர்..."

"கதிரையை விட்டு எழும்பும்."

ஷஹீமா வந்து அவனுடைய கதிரையில் உட்கார்ந்தாள். உள்ளே எழுதியதை அழித்தாள். கன்ஸ்ட்ரக்டரைத் திரும்ப வைத்தாள். மணி, நிமிடம் என்று பெயர்களைப் போட்டாள். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அவளுக்கு ஒரு வார்த்தை ஏசவும் தெரியவில்லையே என்று ஹரிசன் பொருமினான்.

"எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டீக்கலாமே, ஹரிசன்" என்றாள் அவள்.

"உள்ள வாரும் பிள்ளை" என்று முதலாளி அவளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். மறுபடி கதவு சாத்தப்பட்டது. கால் மணி நேரம் கழித்து அவர் தலையை வெளியே நீட்டி மேபலிடம் ஏதோ சொன்னார். மேபல் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து, இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

"டீம் லீடர் ஷஹீமாதானே, அக்கா?" என்றான் ஹரிசன் கசப்போடு. "எனக்கு முதலே தெரியும். அவளுக்குத்தான் குடுப்பினமெண்டு எப்பவோ முடிவெடுத்திட்டினம்."

மேபல் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இல்ல தம்பி, அவ கட்டாருக்குப் போறேன்னு போன கிழமையே ராஜினாமா குடுத்திட்டா. இப்ப கிழிச்சது ஒங்க பேருல அடிச்ச லீடர் கடிதம். 'அந்த வேலைய ஒனக்கே தாறேன், போகாத'ன்னு சேர் இப்ப உள்ள வச்சு அவவைக் கெஞ்சினது காலையில நீங்க செஞ்ச வேலையாலதான்."