ஆட்டுத்தொடைக்கு நான் வக்கீல்

இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மேஜையில் ஆட்டுத்தொடை இருந்தே தீரும் என்று முடிவெடுத்தேன். வேல்ஸ் மலையெல்லாம் செம்மறி மேய, நடுவில் உட்கார்ந்து நான் பருப்பு சூப் குடிப்பதா? ஜன்னலைத் திறந்தால் ஆடுகளே என்னைப் பரிதாபமாகப் பார்த்தன.

எல்லாம் என் ரத்தத்தைச் சோதித்த நர்ஸால் வந்தது. "உங்களுக்குக் கொழுப்பு கூடிப்போச்சு" என்றாள்.

"கல்யாணமான நாளா நானும் அதைத்தான் சொல்றேன்" என்றாள் என் மனைவி க்ளெனிஸ்.

அன்றிலிருந்து காலையில் கஞ்சி, மதியம் சூப், ராத்திரி மதியத்து சூப்.

சனிக்கிழமை மெதுவாக ஆரம்பித்தேன்.

"க்ளெனிஸ், ஆட்டுக்கறியில என்னென்ன சத்து இருக்கு தெரியுமா? புரதம், இரும்பு, துத்தநாகம், பி12..."

"கொழுப்பு?"

"அதைச் சீவி எறிஞ்சுடலாம்."

"ஆட்டோடதை எறியலாம். உங்களோடதை?"

"கேளும்மா. கூடவே புதினா சாஸ். வயித்துக்கு அவ்வளவு நல்லது!"

அவள் பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள். "பாவம், இவ்வளவு படிச்சிருக்கீங்க. சரி, செய்வோம். ஆனா நான் சீவி, கொழுப்பு கொஞ்சம் தங்கிட்டா? உங்க உயிராச்சே! நீங்களே சமைச்சுடுங்களேன்."

கசக்குமா? வெற்றி!

மறுநாள் அவள் சர்ச்சுக்குப் போய்வந்து நாற்காலியில் கால் நீட்டினாள். நான் கொழுப்பைச் சீவினேன். உருளைக்கிழங்கு உரித்தேன். தோட்டத்துப் புதினாவைப் பொடியாக நறுக்கி, சர்க்கரை போட்டு வினிகரில் ஊறவைத்தேன். தெருவே மணத்தது. கறி வெண்ணெயாக விண்டது. க்ளெனிஸ் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நானும் தட்டை வழித்தேன். மனைவியை வாதத்தில் ஜெயித்த முதல் வேல்ஸ்காரன் நான்தான் என்ற நிறைவோடு பாத்திரம் தேய்த்தேன்.

பின்கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு இட்வால். இடுப்பில் பூப்போட்ட ஏப்ரன், மூக்கில் மாவு.

"எம்ரிஸ், கொஞ்சம் புதினா இருக்கா? எங்க வீட்லயும் ஆட்டுத்தொடை. நான்தான் சமையல். இப்பத்தான் வெந்துச்சு."

"நீயா? உனக்கு வெந்நீர் வைக்கவே தெரியாதேப்பா!"

"என்ன பண்றது? ஒரு மாசமா வெறும் பருப்பு சூப்! உங்க வீட்டம்மா என் பொண்டாட்டிக்குக் கொடுத்த யோசனையாம். 'சூப்பையே ஊத்து, அவரே அடுப்புகிட்ட வந்து நிப்பாரு'ன்னு."

தட்டை வைத்துவிட்டு, புதினா பறிக்கத் தோட்டத்தில் இறங்கினேன்.

உள்ளிருந்து க்ளெனிஸ் குரல் கொடுத்தாள்: "பார்த்துப் பறிங்க எம்ரிஸ், அடுத்த ஞாயித்துக்கிழமை உங்களுக்கும் வேணும்!"