முப்பதாம் தேதியே எரிந்துபோன ரெக்டர்

குவென்கா, டிசம்பர் 30

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மூத்த சகோதரி டொமிட்டிலா அவர்களுக்கு,

தம்பி செராஃபின் பணிந்து எழுதும் மடல். மாதாவின் கிருபையால் இங்கே நானும் என் மனைவியும் நலம். லோஹாவில் தாங்களும் தங்கள் பேக்கரியும் நலமா? அத்தானின் இருமல் நின்றதா? நிற்காவிட்டால் பரவாயில்லை, அதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ நடுவில் புகுந்து கத்துவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை உனக்கு வேறு வழியில்லை. அதனால்தான் எழுதி, இன்றிரவு கிளம்பும் லோஹா பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் இதுதான்: இன்று எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னத் தீ விபத்து. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே. பல்கலைக்கழகத்துக்கே தலைவரான ரெக்டர் டான் எவரிஸ்டோ சொன்னால் நம்பவே நம்பாதே. அவர் உன் மகனுக்கு ஞானத்தந்தை என்பதும், நீ அவர் வீட்டு வாசலில் போய் நின்று "என் தம்பி பொறுப்பானவன்" என்று வாக்குக் கொடுத்ததால்தான் கழிவுக் கிடங்குப் பொறுப்பாளர் வேலை எனக்குக் கிடைத்தது என்பதும், அந்த வேலை நாளையோடு ஒன்று நிரந்தரமாகும், இல்லையென்றால் இல்லாமலே போகும் என்பதும் எனக்கு மறக்கவில்லை. மறந்தால்தானே தூக்கம் வரும்.

நீ ஊர் முழுக்க என் தம்பி குப்பை அள்ளுகிறான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். அது குப்பை இல்லை அக்கா, அபாயக் கழிவு. ஓவியத் துறைப் பிள்ளைகள் மிச்சம் வைக்கும் பெயிண்ட், தின்னர், தூரிகை துடைத்த ஆளிவிதை எண்ணெய்த் துணி, வேதியியல் துறையிலிருந்து பெயர் ஒட்டாத பாட்டில்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். எதையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது, ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது; பூட்டி வைத்திருந்து கழிவு லாரியில் ஏற்ற வேண்டும். 'எண்ணெய்த் துணியைக் குவிக்காதே, தண்ணீர் ஊற்றிய இரும்புத் தொட்டியில் போட்டு மூடு' என்று கிடங்குச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பதும் நான்தான். ஏன் குவிக்கக் கூடாது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

இந்த மாதம் அங்கீகாரக் குழு வருகிறது, கிடங்கு காலியாக இருக்க வேண்டும் என்று ரெக்டர் உத்தரவு போட்டார். லாரிக்காரனோ பிப்ரவரிக்கு முன்னால் வரமாட்டேன் என்கிறான். தொட்டி எப்போதோ நிரம்பிவிட்டது; புதிதாக வந்த எண்ணெய்த் துணிகளைப் பக்கத்தில் கூடைகளில் அடைத்து வைத்திருந்தேன். நேற்று மதியம் அந்த நேரம் பார்த்துத்தான் ரெக்டரின் செயலாளர் நார்மா வந்து நின்றாள்.

"செராஃபின் அண்ணே, வருஷக் கடைசிப் பொம்மைக்குள்ள திணிக்க மரத்தூள் எங்கயும் கிடைக்கல. பழந்துணி ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு. ஆனா தரமாட்டேன். சட்டத்துல இடமில்ல."

"நாளன்னிக்கு எரிக்கப் போற பொம்மைண்ணே! அதுக்குப் போய் சட்டம் பேசுறீங்களே!"

"எரிக்கவும் கூடாது. நச்சுப் புகை. இதப் பாரு, நான் சாப்பிடப் போறேன். இந்தப் பூட்டு வேற இன்னிக்குச் சரியா விழல. யாரும் உள்ள வரக்கூடாது, சொல்லிட்டேன்."

இவ்வளவுதான் நடந்தது. இதைவிடக் கண்டிப்பாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்? ஒரு துணியைக்கூட நான் என் கையால் எடுத்துக் கொடுக்கவில்லை. அம்மாவின் கல்லறை மேல் சத்தியம். சாப்பிட்டுவிட்டு வந்தால் கூடைகள் காலி. எவ்வளவு வருத்தப்பட வேண்டுமோ அவ்வளவு வருத்தப்பட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி நள்ளிரவில் பழைய வருஷம் ஒழிந்தது என்று எரிக்கிற பொம்மைக்கு இந்த வருஷம் ரெக்டரின் முகம். மீசையைக்கூட அப்படியே ஒட்டியிருந்தார்கள். அவர் மனைவியே பழைய கோட்டு சூட்டைக் கொடுத்திருந்தார். வீட்டிலும் மனக்குறை இருக்கும் போலிருக்கிறது. சக்கரம் வைத்த பழைய நாற்காலியில் அதை உட்காரவைத்துப் பெரிய மண்டப வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில், சாகப்போகும் பழைய வருஷத்தின் விதவை வேஷத்தில் வேதியியல் பேராசிரியர் லௌதாரோ, கறுப்புப் பாவாடையும் முக்காடும் குதிகால் செருப்புமாக, போகிற வருகிறவர்களை மறித்து ஒப்பாரி வைத்துக் காசு கேட்டுக்கொண்டிருந்தார். மனுஷன் வகுப்பில்கூட அவ்வளவு உருகிப் பேசி நான் கேட்டதில்லை.

இன்று காலை அங்கீகாரக் குழுவுக்காகக் கீட்டோவிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் அம்மாவை ரெக்டர் அங்கே அழைத்து வந்தார்; நானும் கூடவே நின்றேன். "இந்த வளாகத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூட எனக்குத் தெரியாமல் நகராது, மேடம்" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பொம்மையின் கோட்டுக்குள்ளிருந்து புகை வருகிறது. ஒருத்தரும் தீக்குச்சி கிழிக்கவில்லை. கூட்டத்துக்கு ஒரே கொண்டாட்டம்.

"டேய், ரெக்டருக்குக் கோபம் வந்திருச்சுடா!"

"எப்படிடா பண்ணாங்க? முதல் பரிசு இதுக்குத்தான்!"

ரெக்டரே விழுந்து விழுந்து சிரித்தார். லௌதாரோ விடுவாரா? "ஐயோ என் ராசா, நாளைக்குத்தானே போறேன்னு சொன்னீங்க, இன்னிக்கே கிளம்பிட்டீங்களே!" என்று பொம்மையின் மடியில் விழுந்தார். விழுந்த வேகத்தில் எழுந்தார். காலருக்குள்ளிருந்து தீ எட்டிப் பார்த்தது. குவித்த எண்ணெய்த் துணி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்ற தன் பாடம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது போலும். "நிஜமாவே பத்திக்கிச்சுடா! வழி விடுங்கடா!" என்று கத்தியபடி குதிகால் செருப்போடு நாற்காலியை வெளியே தள்ளினார். வெளியே சரிவு. சரிவுக்குக் கீழே என் கிடங்கு.

அந்த நேரத்தில் எனக்கு வேலையும் நினைவில்லை, நீயும் நினைவில்லை. உள்ளே அடுக்கி வைத்த தின்னர் டின்கள்தான் கண்ணுக்குள் நின்றன. கிடங்குக்கு அடுத்த கட்டடம் கேன்டீன்; பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பயந்துவிட்டேன் அக்கா. இந்தத் தொப்பையைத் தூக்கிக்கொண்டு எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை. எரிகிற ரெக்டரை எட்டிப் பிடித்து இடுப்பில் ஓர் உதை விட்டேன். நாற்காலியோடு கிடங்குக்கு முன்னாலிருக்கும் தாமரைக் குளத்தில் போய் விழுந்தார். நிஜ ரெக்டர் மேலே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மா இறங்கி வந்து, "இது என்ன?" என்றார். எனக்குச் சுவரில் எழுதியது ஒன்றுதான் வாயில் வந்தது: "எண்ணெய்த் துணியைக் குவிக்காதே, மேடம்." அவர் ரெக்டரை அழைத்துக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நார்மா மூலையில் அழுகிறாள். லௌதாரோ இன்னும் முக்காட்டைக் கழற்றவில்லை. தன் முகம் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறார் போலும்.

என் கதை முடிந்தது அக்கா. உன் வாக்கையும் காற்றில் பறக்கவிட்டுவிட்டேன், அதுதான் நெஞ்சை அறுக்கிறது. உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். டான் எவரிஸ்டோவைக் கூப்பிட்டு, என் தம்பிக்கு ஒன்றும் தெரியாது, அவன் துணியைத் தொடவே இல்லை, சாப்பிடப் போயிருந்தான் என்று சொல். நீ சொன்னால் அவர் நம்புவார். நீ வாழ்நாளில் பொய் சொன்னதில்லை என்பது ஊருக்கே தெரியும். அப்படியே பேக்கரிக்குப் பின்னாலிருக்கும் அறையையும் கொஞ்சம் ஒழித்து வை.

பிறக்கும் ஆண்டில் உன் அடுப்பு அணையாமலும், மாவு பொங்கத் தவறாமலும், அத்தானின் நெஞ்சு லேசாகவும் இருக்க மாதா துணை நிற்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் ஆசியை மட்டுமே நம்பியிருக்கும்,
தம்பி செராஃபின்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ரெக்டர் கூப்பிட்டனுப்பினார். போனேன். இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்! "எல்லா ஊர்லயும் சுவத்துல எழுதி ஒட்டிட்டு விட்டுடறாங்க. நீங்க ஒருத்தர்தான் எங்க கண்ணு முன்னாலயே பத்த வச்சுக் காட்டினீங்க. அதுவும் கீழ குளத்தைத் தயாரா வச்சுக்கிட்டு!" என்றார். ரெக்டர் வேறு வழியில்லாமல் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆகவே மேலே உள்ளதை மறந்துவிடு. ஒவ்வொரு துணியையும் நானே பொறுக்கி என் கையால்தான் கொடுத்தேன். சத்தியத்தைப் பற்றிக் கவலைப்படாதே; நிரந்தர வேலை என்றால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். போகும்போது ரெக்டர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்து, "எப்பலேருந்துய்யா இந்தத் திட்டம்?" என்றார். அக்டோபரிலிருந்து என்றேன். "வேற யாருக்குத் தெரியும்?" என்றார். அவர் சந்தேகமே படாத ஒரே ஆளின் பெயரைச் சொன்னேன். நாளைக் காலை உன்னைக் கூப்பிடுவார். உனக்கு அக்டோபரிலிருந்தே தெரியும், அக்கா.