பதினெட்டாயிரத்து நானூறு காவல்காரர்கள்

"பதினெட்டாயிரத்து நானூறு" என்றார் டாக்டரம்மா.

அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று தெரியாமல் சுப்பராயன் பாதிச் சிரிப்போடு நின்றான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி செய்யும் கம்பெனியின் முதலுதவி அறை அது. ஒன்பது வருஷம் கான்ட்ராக்ட்டில் வெந்தவனை இப்போதுதான் பர்மனென்ட் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். மெடிக்கலில் தேறினால் வேலை. தேறாவிட்டால் மறுபடியும் கான்ட்ராக்டர் வாசல்.

"வெள்ளை அணு பதினோராயிரத்துக்குள்ள இருக்கணும்பா. அதுங்க உடம்புக்குக் காவல்காரங்க. கிருமி பூந்தா கூட்டம் கூடும். கூட்டத்தைப் பார்த்து பயப்படக் கூடாது, எதுக்குக் கூடிச்சுன்னு பார்க்கணும். ஜுரம் இருக்கா?"

"இல்லீங்க."

"இருமல்? சீழ் வெச்ச புண்ணு?"

"ஒண்ணும் இல்லீங்க மேடம். கல்லு மாதிரி கீறேன்."

டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. "காரணமே இல்லாம ஏறியிருந்தாத்தான் யோசனை. மெட்ராஸுக்கு எழுதித் தரேன். எலும்புக்குள்ளருந்து எடுத்துப் பார்ப்பாங்க."

சுப்பராயன் சொன்னது அத்தனையும் சத்தியம். ஒரு சின்ன விஷயத்தை மட்டும்தான் சொல்லவில்லை. அந்த ரத்தம் அவனுடையது இல்லை.

ஆறு மாசம் முன்னால் திருவள்ளூர் இலவச முகாமில் அவனுக்குச் சர்க்கரை முந்நூறு என்று சொல்லிவிட்டார்கள். டீயில் கை வைத்துவிடுவாள் என்று பெண்டாட்டி கோவிந்தம்மாவிடம்கூட அதை மூச்சுவிடவில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் விட்டுவைப்பார்களா? அதனால் பஜார் லேபுக்கு மச்சான் அப்பாவுவை அனுப்பிவைத்தான். அப்பாவு பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவன், எருமை மாதிரி திடம். லேபில் சீட்டில் உள்ள பேரைப் பார்ப்பார்களே தவிர முகத்தை யார் பார்த்தார்கள்? ஒருத்தன் கேட் பாஸில் இன்னொருத்தன் ஷிஃப்ட் பார்க்கிற கான்ட்ராக்ட் கூட்டத்துக்கு, ரத்தத்துக்கு ஆள் மாற்றுவதா பெரிய வித்தை?

அவன் வீடு சேருமுன்னே சேதி சேர்ந்துவிட்டது. கூட வேலை செய்கிற புண்ணியவான் யாரோ 'ப்ளட் கேன்சர்' என்றே சொல்லிவிட்டான்.

"ஐயோ, உன் ரத்தம் கெட்டுப்போச்சாமே!" என்று கோவிந்தம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

'அது உன் தம்பி ரத்தம்டி' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான். புருஷனுக்கே தெரு கூடுகிற மாதிரி அழுகிறவள், கூடப் பிறந்தவனுக்கென்றால் ஊரையே கூட்டிவிடுவாள்.

"இனிமே வாயைக் கட்டாதய்யா. இன்னா ஆசையோ, துன்னு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தட்டுக் கேசரியை முன்னால் வைத்தாள்.

மறுநாள் பழவேற்காட்டுக்கு ஓடினான். அப்பாவு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மேலே மஞ்சளும் சுண்ணாம்பும்.

"இன்னாடா இது?"

"கெளுத்தி முள்ளு மாமா. இருவது நாளாச்சு. சீழ் வருது போவுது."

"பாவி! இதோடயா போய் ரத்தம் குடுத்த?"

"சுகரு இருக்கக் கூடாதுன்னுதானே சொன்ன? முள்ளு குத்தக் கூடாதுன்னு சொன்னியா?"

நியாயமான கேள்வி. சுப்பராயன் அவனைக் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ப் புண்ணைக் கழுவி, மாத்திரை வாங்கிக் கொடுத்தான். அப்பாவுவின் காவல்காரர்கள் இனிக் கலைந்துவிடுவார்கள். டாக்டரம்மாவுக்குக் காட்ட சுப்பராயனிடம் ஒரு புண் வேண்டுமே?

"பல்லு மேடம்" என்றான் மறுநாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "உள்ள சீழ். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா? ஏறத்தான் செய்யும்!" வாயைத் திறக்கச் சொன்னவர், உள்ளே இருந்த பாக்குக் கறையைப் பார்த்ததும் மனசு மாறி, பல் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பல் டாக்டர் ஒவ்வொன்றாகத் தட்டினார். "இதுவா?"

"ஆமா சார். உசுரு போவுது."

பிடுங்கினதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ நல்ல பல்லை நான் இந்த வருஷம் பார்க்கலையே!"

"உள்ளுக்குள்ள கெட்டிருக்கும் சார்" என்று வாய் நிறையப் பஞ்சோடு அவரைத் தேற்றினான் சுப்பராயன்.

பல் போனால் போகட்டும், வேலை வருகிறதே என்று திரும்பினால், டாக்டரம்மா சொன்னார்: "பத்து நாள் கழிச்சு மறுபடி ரத்தம் குடு. லேபுக்குப் போவாத. இங்கயே, என் எதிர்ல."

அவ்வளவுதான். இப்போது அவன் ரத்தமே போகவேண்டும், அதன் சர்க்கரையோடு.

பத்து நாளும் விடிகாலையில் பாகற்காய்ச் சாறு. சிப்காட் ரோட்டில் நாய்கள் துரத்த ஓட்டம். சாயங்காலம் கோவிந்தம்மாவின் பாயசம். வேண்டாமென்றால், "ஐயோ, சோறு தண்ணி எறங்கலியே!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஓலமிட்டாள். அதற்குப் பயந்து இரண்டு டம்ளராகக் குடித்தான், பாவம். காலையில் ஓடி இறக்கியதெல்லாம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஏறிக்கொண்டது.

பதினோராம் நாள் கம்பவுண்டர் ஜோசப் ரத்தம் எடுத்தார். முடிவு தெரியுமட்டும் சுப்பராயனுக்குத் தூக்கமில்லை. கான்ட்ராக்டரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று ஒத்திகைகூடப் பார்த்துவிட்டான்.

"ஏழாயிரத்து இருநூறு" என்றார் டாக்டரம்மா. "பார்த்தியா, பல்லுதான் காரணம். ஃபிட்!" கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

காகிதத்தை மடித்துக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். மனசு கேட்டால்தானே? வெளியே ஊசித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஜோசப்பின் பக்கத்தில் போய்க் குசுகுசுத்தான்.

"அண்ணே... சுகரு மட்டும் எப்படிண்ணே தப்பிச்சுது?"

"சுகரா? நம்ம டெஸ்ட்ல அது கிடையவே கிடையாதேப்பா! அதைப் பார்க்க ஆரம்பிச்சா, உன் ஆர்டர்ல கையெழுத்துப் போடற ஜி.எம்.மே ஊட்டுக்குப் போவணும்."