பஜ்ஜிச் சட்டிக்கு மேல் ஓர் ஒப்பந்தம்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே எதிராளியிடம் கையெழுத்து வாங்காமல் டீகூடக் குடிக்காத ஒரே ஆள் ஷரத்துதான். அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. நாங்கள் யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

மணமேல்குடியிலிருந்து எங்கள் கல்லூரிக்கு எம்.ஏ. வரலாறு படிக்க வந்தவள். கண் தெரியாது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு என்னென்ன உதவி செய்வோம் என்று கல்லூரி எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தை, அலுவலக குமாஸ்தாவான நான்தான் டைப் அடித்தேன். கைப்பேசியை வாசிக்கவிட்டுக் கேட்டவள் முதல் வரியிலேயே நிறுத்தினாள்.

“சார், ‘இயன்றவரை உதவி செய்யப்படும்’னு இருக்கே. யாருக்கு இயன்றவரை?”

“எல்லா லெட்டர்லயும் அப்புடித்தாம்மா போடுவோம்.”

“எல்லா லெட்டரும் பரீட்சை எழுதப் போகுதா சார்? அதை எடுத்துருங்க.”

எடுத்தேன். மொத்தம் ஆறு முறை திருத்தி அடித்தேன். தரைத்தளத்தில் வகுப்பு, தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஒருவர், கூடுதலாக ஒரு மணி நேரம். கடைசி ஷரத்து மட்டும் என் உபயம். ஒரு சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போனவளை, ஊருக்குக் கிளம்பிவிட்டாள் என்று நானாக முடிவு செய்து, கையைப் பிடித்து இழுத்துப்போய், போர்டைக்கூடப் பார்க்காமல், எதிர்த்திசையில் போகும் திருமயம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவள் கத்தியதை நன்றி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் சேர்ந்தது: ‘கேட்காமல் கையைப் பிடிக்கக் கூடாது.’

கேன்டீன் பெஞ்சை இடம் மாற்றக் கூடாது என்றும் ஒன்று இருந்ததால், முதல்வரின் கையெழுத்தும் முத்திரையுமாகக் கேன்டீன் மாஸ்டருக்கு ஒரு பிரதி போனது. அவர் பெருமையாகப் பஜ்ஜிச் சட்டிக்கு மேலே ஒட்டிக்கொண்டார். அலுவலகப் பிரதியை எங்கள் சூப்பிரண்டு, “இம்புட்டு முக்கியமான பேப்பரை வெளிய போடலாமா?” என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்.

முதல் தேர்வன்று சூப்பிரண்டு வல்லத்திராக்கோட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். பீரோ சாவியும் அவரோடு போயிருந்தது. அவளுடைய பிரதியோ மணமேல்குடி வீட்டில் பத்திரமாக இருந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வு அதிகாரி கறாராகச் சொன்னார்: “பேப்பர் இல்லாம எழுத ஆளும் கெடையாது, கூடுதல் நேரமும் கெடையாது.”

ஷரத்து பதினொரு ஷரத்தையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். ஒன்பதாவதில் குரல் உடைந்தது. தேர்வு போனால் ஒரு வருடம் போச்சு. திடீரென்று அவளே, “சார், கேன்டீனுக்கு ஓடுங்க!” என்றாள்.

ஓடினேன்.

“பாத்து உரிங்க சார், கிழிஞ்சுறப் போகுது! எம்பேரு போட்டு வந்த ஒரே பேப்பரு அது!” என்று மாஸ்டர் கரண்டியோடு பின்னாலேயே வந்தார்.

எண்ணெய் சொட்டிய காகிதத்தை அதிகாரி இரண்டு விரலால் பிடித்துப் படித்தார். முத்திரை தெளிவாகத் தெரிந்தது.

“சரி, உக்காரும்மா.”

“நேரத்தை இப்பலேருந்து கணக்கு வைங்க சார். ஷரத்து நாலு.”

நல்ல மார்க்கில் தேறினாள். எம்.ஏ. முடித்துக் கிளம்பும் கடைசி நாளன்று அலுவலக வாசலில் வந்து நின்றாள்.

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரீங்களா சார்? கேட்டுட்டேன், கையக் குடுங்க.”

கொடுத்தேன். மணமேல்குடி பஸ் அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு வந்து தொலைத்தது.