டைனமோ ஒப்பித்த பொருளியல்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் டைனமோவைப் போல ஒரு பிடிவாதக்காரர் பிறக்கவில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரைகளைக் கசெட்டில் பதிகிறவர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். நான் அங்கே கூலியாள்.

சண்டையால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பிள்ளைகள் ஆறு பேருக்கு வாவி கடந்து படிக்க வர முடியவில்லை.

"அவங்க வராட்டி நாம போவம்" என்றார்.

சனிக்கிழமைகளில் சைக்கிளோடும் ரேப் ரெக்கோடரோடும் கசெட்டோடும் தோணி ஏறினோம்; துடுப்பு என் கையில். அக்கரைக்குப் பற்றறி கொண்டுபோக ஆமி தடை. அக்கரையில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லில் உரசும் டைனமோவிலிருந்து ரேப் ரெக்கோடருக்கு வயர் கொடுத்து, என்னை மிதிக்க வைத்தார். நான் களைத்தால் கசெட்டில் விரிவுரையாளரின் குரல் எருமை மாதிரி இழுக்கும்.

"அண்ணன், சேருக்கு உயிர் போகுது, மிதிங்க!" என்று பிள்ளைகள் கத்துவார்கள்.

"மெல்ல மிதி மனே, எழுதட்டும்" என்பார் இவர்.

பதிந்த கசெட்டை மூன்று தரம் கேட்டுப் பார்க்காமல் கட்டமாட்டார். சோறு தின்னும்போதும் கேட்பார். விளங்குதா என்று கேட்டேன்.

"எனக்கென்னத்துக்கு? தெளிவாக் கேக்குதா, அதுதான் என்ட வேல."

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை கடைசிப் பாடம். அது போய்ச் சேராவிட்டால் ஆறு பேருக்கும் ஒரு வருடம் வீண். தோணித் துறையில் காவல் நின்ற ஆமிக்காரன் கசெட்டைத் தூக்கினான்.

"பாட்டு?"

"பாடம் ஐயா."

போடச் சொன்னான். மிதித்தேன். ஐந்து நிமிடத்தில் கொட்டாவி விட்டான். "சரி, போ."

டைனமோ அசையவில்லை. "முழுக்கக் கேளுங்க ஐயா. பாதியில விட்டா விளங்காது. மற்றப் பக்கமும் இரிக்கு."

ஆமிக்காரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கசெட்டைச் சட்டைப் பைக்குள் போட்டான். "காம்ப் பெரியவர் கேக்கணும்."

தோணியில் ஏசினேன். "வாய மூடிட்டு இரிக்க ஏலாதா உங்களுக்கு?"

அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அக்கரையில் பிள்ளைகள் முன்னால் நின்று கண்ணை மூடினார். "நிரம்பல், அதாவது சந்தைக்கு வருகிற பொருள், குறைந்தால் விலை ஏறும்" என்று தொடங்கினார். விரிவுரையாளர் இருமிய இடத்தில் இருமினார். "பின்வரிசை வாங்கில் யாரது சிரிக்கிறது?" என்று அதட்டினார். பின்னால் ஒரு பசுதான் நின்றது. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து எழுதினார்கள். கசெட்டின் இரண்டு பக்கமும் முடியும்வரை அவர் கண் திறக்கவில்லை.

ஆறு பேரும் பாஸ். அது பிறகு வந்த செய்தி.

அன்று தோணி ஏறும்போது ஒரு பிள்ளை, "போயிட்டு வாங்க சேர்" என்றது. அவரை யாரும் சேர் என்றது அதுதான் முதல் தடவை. டைனமோ திரும்பி எனக்கு முகம் காட்டவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் துடுப்பை மெதுவாகவே போட்டேன்.