ஓட்டைப் பிள்ளையாரும் நாலு எஸ் போட்ட டிக்கெட்டும்

விருத்தாசலம்,
ஆவணி மாதம், வியாழக்கிழமை, கரண்ட் இல்லாத நேரம்.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை பிரவீன்குமார் அவர்களுக்கு, மாமனார் சுப்புராயன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் பழமலைநாதர் தயவில், முட்டி வலி நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். நீங்களும் வாசுகியும், வாசுகி வயிற்றில் இருக்கும் பேரனோ பேத்தியோ அவர்களும் சுகமாக இருப்பதை நேற்று வீடியோவில் பார்த்துவிட்டதால் அதை மறுபடி விசாரித்து உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நீங்கள் வாட்ஸப்பில், ஐப்பசி முதல் வாரத்துக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு நாளாகப் பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும். வாட்ஸப்பில் எழுதினால் பாதி படிக்கும்போதே கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவீர்கள் என்பதால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். விஷயம் இதுதான். நான் வரவில்லை. நான் வராவிட்டால் உங்கள் அத்தையும் வரமாட்டாள், சேத்தியாத்தோப்புக்கே தனியாக பஸ் ஏறாதவள் அவள். தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் போகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். இன்னொரு தடவை ஏர்போர்ட்டைத் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை, மாப்பிள்ளை.

போன தை மாதம் டல்லாஸில் உங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நான் ஒருவனாக வந்தேன் அல்லவா? அத்தைக்கு ஆதாரில் கொளஞ்சி என்றும் ரேஷன் கார்டில் கொளஞ்சியம்மாள் என்றும் இருந்ததால் அப்போது பாஸ்போர்ட் வந்து சேரவில்லை, பங்குனியில்தான் வந்தது. "பயணம் எப்படி மாமா?" என்று கேட்டீர்கள். "பரவாயில்லை" என்றேன். சம்பந்தி வீட்டார் எல்லோரும் நிற்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்? இப்போது சொல்கிறேன். பரவாயில்லை என்று சொல்லும்படி அதில் ஒன்றுமே இல்லை.

முதலில் நான் புறப்பட்ட ஏர்போர்ட். சீட்டை நீட்டிய பெண் அதில் நாலு எஸ் அச்சடித்துக் கொடுத்தாள். நான் சுப்புராயன், அப்பா சாமிக்கண்ணு, ரெண்டு எஸ்ஸுக்குக் கணக்கு சரியாக இருந்தது, மீதி ரெண்டும் ஸ்பெஷல் மரியாதை போலிருக்கிறது, மாப்பிள்ளை பெரிய டிக்கெட்டாகத்தான் எடுத்திருக்கிறார் என்று அத்தைக்குப் போன் போட்டுப் பெருமையாக வேறு சொன்னேன். அந்தப் பெருமை பத்து நிமிஷம் நின்றது. நாலு எஸ் என்றால் இந்த ஆளைத் தனியாக நிறுத்திச் சோதிக்கவும் என்று அர்த்தமாம். வரிசையில் எனக்கு முன்னால் போன நாற்பது பேரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் ஓரமாக வரச் சொன்னார்கள். பையில் இருந்தது உங்கள் கூடத்தில் இப்போது டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறாரே, அந்தப் பீங்கான் பிள்ளையார். மிஷினில் பார்த்தால் அவர் ஒரே கறுப்பாகத் தெரிந்தாராம். நம்ம பக்கத்து அதிகாரிப் பிள்ளைதான், தமிழ் பேசினார். பிள்ளையாரைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இருக்கும் ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, "என்னாங்கய்யா இது, உள்ளார ஓட்டை?" என்றார். நான் முப்பத்தோரு வருஷம் பீங்கான் கம்பெனியில் தரம் பார்த்தவன். தொழில் சம்பந்தமாக ஒருவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க என்னால் ஆகாது. "ஓட்டை இல்லேன்னாதான் சார் வெடிக்கும். காத்து வெளிய போவணுமில்ல, சூடு ஏறுனா டமார்னு வெடிச்சிப் பக்கத்துல இருக்கறதையும் சேத்துத் தூக்கிடும்" என்றேன். சூளையைச் சொன்னேன், மாப்பிள்ளை. அந்த இடத்தில் சூளை எதுவும் இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஆறு பேர் வந்தார்கள். நல்ல சரக்குதான் என்று நிரூபிப்பதற்காக நான் விரலை மடக்கிப் பிள்ளையாரின் தொந்தியில் தட்டிக் காட்டினேன். பழக்கம்தான், கீறல் இல்லாத சரக்கு கணீரென்று பேசும், கீறல் விழுந்தது டொக்கென்று இருக்கும். நான் தட்டியதும் இரண்டு பேர் பின்னால் குதித்தார்கள். பிறகு ஒரு சின்னத் துணியால் என் இரண்டு உள்ளங்கையையும் துடைத்து ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள். அந்தப் பெட்டி ஊளையிட்டது. முந்தின நாள் காணியில் யூரியா தூவிவிட்டு வந்தவன் நான், தேங்காய் எண்ணெய் போட்டுக் கை கழுவியிருந்தேன், அது பெட்டிக்குப் போதவில்லை. "வெடிமருந்து கிட்ட ஏதாச்சும் வேலை பாக்கறீங்களாய்யா?" என்று கேட்டார் அந்தப் பிள்ளை. "அரைக் காணி நெல்லு சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார், மற்ற ஆறு பேரும் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம். கடைசியில் என்னை அனுப்பிவிட்டு, நான் தட்டிலேயே விட்டுவந்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளை பின்னாலேயே ஓடிவந்து, எல்லோருக்கும் கேட்கும்படி "சுப்புராயன்! சுப்புராயன்!" என்று கூவியதில், மிச்சமிருந்த மானமும் போயிற்று.

நடுவில் இறங்கி விமானம் மாறிய ஊரைப் பற்றி நினைத்தாலே எனக்குக் கால் வலிக்கிறது. அங்கேயும் அதேபோல் நான் ஒருவன்தான். அங்கே பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். பேண்ட்டு, பிறகு சதை போடும் என்ற நம்பிக்கையில் அத்தை சொல்லித் தைத்தது. இரண்டு கையையும் மேலே தூக்கு என்று சைகை காட்டுகிறார் ஒரு நெட்டை ஆள், எனக்கோ ஒரு கை பேண்ட்டுக்கு வேண்டியிருக்கிறது. ஒரு கையை மட்டும் தூக்கினேன். ரெண்டும் என்றார். கையை மாற்றித் தூக்கினேன். இப்படியே நாலைந்து முறை மாற்றி மாற்றித் தூக்கியதைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கைதட்டியது. அரைஞாண் கயிற்றில் இருந்த வெள்ளித் தாயத்துக்காகத் தனி அறை, அங்கே மறுபடி துணி, மறுபடி பெட்டி. எல்லாம் முடிந்த பிறகும் அந்த நெட்டை ஆள் என்னை விடவில்லை. என் சீட்டை வாங்கிப் பார்த்தார், மேலே போர்டைப் பார்த்தார், என் கையைப் பிடித்தார், பேட்டரி வண்டியில் உட்காரவைத்து, இறங்கி, மறுபடி கையைப் பிடித்து, ஊரே வேடிக்கை பார்க்க அழைத்துக்கொண்டு போய் வேறொரு வாசலில் ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தார். கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதுபோல் இருந்தது எனக்கு.

உங்கள் ஊரிலாவது விட்டார்களா? அங்கே ஓர் அம்மாள், என் பொடிமாஸ் மசாலாவை முகர்ந்து தும்மிவிட்டு, பிள்ளையாரின் ஓட்டையில் அவர்கள் பங்குக்கு ஒரு டார்ச் அடித்துவிட்டு, உங்கள் முகவரி எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, என்னை வெளி வாசல் வரைக்கும் கூட்டிவந்து உங்கள் கையில் சேர்த்த பிறகுதான் திரும்பினார். நீங்கள் அவருக்கு நன்றி வேறு சொன்னீர்கள். திரும்பி வரும்போதும் இதே கூத்துதான், பிள்ளையார் மட்டும் இல்லை. இதில் இன்னொரு கொடுமை, ஊர் திரும்பிய பிறகும் இது என்னை விடவில்லை. வைகாசியில் சென்னையில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனோம். வாசலில் நின்றவர் உங்கள் அத்தையின் பையை விட்டுவிட்டு என் மஞ்சப்பையை மட்டும் திறந்து பார்த்து, "எங்க போறீங்க பெரியவரே?" என்று கேட்டார். துணிக்கடைக்குள் நுழைகிறவன் எங்கே போவான்?

துணிக்கடை விஷயத்தைப் போனில் சொன்னபோது, யாரையாவது பொத்தாம்பொதுவாக எடுத்துப் பார்க்கிறார்கள், நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் அப்பா என்று வாசுகி சொன்னாள். மாப்பிள்ளை, தட்டுக்கு ஒரு சரக்கு எடுத்துச் சோதிப்பதுதான் எனக்கு முப்பத்தோரு வருஷம் வேலை. பொத்தாம்பொதுவாக எடுப்பது எப்படி இருக்கும், குறி வைத்து எடுப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதை அடுத்த வாரமே பஸ் ஸ்டாண்டில் பார்த்த ராஜம்மாளிடம் ஆற்றாமையில் சொன்னேன். அவள் எங்கள் கம்பெனியில் கரண்ட் கம்பத்துப் பீங்கான் தேய்த்து முடிக்கிற பிரிவில் இருந்தவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள். "எம்மாந் தட்டு வரிசையா இருந்தாலும் நீங்க என் தட்டுலதான சார் கைய வப்பீங்க. ஒரே ஒரு நாளு ஒண்ணு கீறலா போச்சின்னு பதினோரு வருசம் என்னைத் திருடியாட்டம் பாத்தீங்க. இப்ப எப்பிடி இருக்குது சார்?" என்றாள். "கஷ்டமா இருக்குதும்மா" என்றேன். "இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு திட்டக்குடி பஸ் ஏறிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகையால் மாப்பிள்ளை, எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். அறுபத்தாறு வயசில் ஊர் ஊராகக் கையைத் தூக்கி நிற்க என்னால் முடியவில்லை. உங்கள் அம்மாவை வரச் சொல்லுங்கள், அவர்களைப் பார்த்தால் யாரும் நிறுத்தமாட்டார்கள். வாசுகிக்குப் பூண்டுப் பொடியும் சுக்கும் பார்சலில் அனுப்புகிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று அவளிடம் நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். குழந்தை ஆரோக்கியமாகப் பிறந்து, உங்கள் வீடு நிறைந்து, தீர்க்காயுசோடு நீங்கள் எல்லோரும் இருக்க வேண்டும் என்று இருக்கிற இடத்திலிருந்தே ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்,
சா. சுப்புராயன்

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை: நேற்று போட்டோ எடுப்பதற்கு முன்னால் உங்கள் அத்தைக்கு இதை வாசித்துக் காட்டியது தப்பாகிவிட்டது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவள், நெட்டை ஆள் வந்த இடத்தில் கையை நிறுத்தினாள்.

"கையப் புடிச்சிக்கிட்டா போனாரு?"

"ஆமா."

"கொண்டாந்து சேக்கற வரைக்கும் வுடலியா?"

"வுடல. அதத்தான சொல்றேன்."

உங்கள் ஊர் அம்மாள் வந்த இடம் வரை வாசித்ததும், "அந்தம்மா மாப்ள கிட்டயே ஒப்படைச்சிட்டுத்தான் போனாங்களா?" என்று கேட்டுவிட்டு, கீரையைத் தள்ளி வைத்து, மணவாளநல்லூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நீங்கள் ஈரோட்டுக்காரர், தெரிந்திருக்காது. இங்கே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. நமக்கு ஒரு குறை என்றால் போலீஸுக்கு எழுதுவதுபோல் தாளில் மனு எழுதி, சாமியிடம் வைத்து வாங்கி, அங்கேயே முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவோம். பிராது கட்டுவது என்று பெயர். காரியம் முடிந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் உங்கள் அத்தை எனக்குத் தெரியாமல் பிராது கட்டியிருக்கிறாள். அதில் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தாள்.

"என் வூட்டுக்காரரு மொத மொத தனியா ஏரோப்ளேன்ல போறாரு. அவருக்குப் பாஷை தெரியாது. தெரியலன்னு யாரையும் கேக்கவும் மாட்டாரு, கௌரவம் பாப்பாரு. அதனால போற வழியில ஒவ்வொரு எடத்துலயும் யாராச்சும் ஒருத்தரு அவர நிறுத்தி, யாரு என்னான்னு விசாரிச்சி, ஒத்தையா வுடாம, சேர வேண்டிய எடத்துல சேத்துடணும். இதான் எழுதுனேன்."

"வந்தப்புறம் வாபஸ் வாங்குனியா, இல்லியா?"

"எங்க வாங்கறது, முட்டி வலின்னு படுத்துட்டேன்ல."

துணிக்கடைக்காரரும் அந்தக் கணக்கில்தான் என்னை நிறுத்தியிருக்கிறார். அரை மணி நேரம் கத்தினேன். இன்று காலை முதல் வேலையாக ஆட்டோ பிடித்து, வாபஸ் வாங்கியே தீருவது என்று அவளை அழைத்துக்கொண்டு மணவாளநல்லூர் போனேன். சன்னதியில் கட்டித் தொங்கும் அத்தனை காகிதத்துக்கு முன்னால் நின்றபோதுதான், கடிதத்தில் நான் எழுதாத ஒன்றை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நடுவில் மாறிய அந்த ஊரில் நெட்டை ஆள் என்னைப் பிடிப்பதற்கு முன்பே நான் வழி தவறியிருந்தேன், மாப்பிள்ளை. ஒரு மணி நேரமாக ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். யாரையும் கேட்கவில்லை. பயத்தில், கொளஞ்சி கொளஞ்சி என்று இவள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பிடித்தபோது அழுதுவிடுவேனோ என்று இருந்தது. அதை மறைக்கத்தான் உங்களிடம் பரவாயில்லை என்றேன்.

வாபஸ் வாங்கவில்லை. புதுத் தாள் வாங்கி இன்னொரு பிராது எழுதிக் கட்டினேன், இந்தத் தடவை என் கையெழுத்தில், கொளஞ்சியம்மாள் பேரையும் சேர்த்து, போக வர இரண்டுக்கும். வரும் வழியில் ராஜம்மாள் வீட்டில் இறங்கி ஒரு மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தோம். டீ கொடுத்தாள்.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிடுங்கள். வாசுகியிடம் மட்டும் ஒன்று சொல்லி வையுங்கள். அந்த விமானத்தில் வந்த எல்லோரும் வெளியே போய், வாசல் காலியான பிறகும் எங்களைக் காணோம் என்றால் வயிற்றுப் பிள்ளைக்காரி பதற வேண்டாம். உள்ளே யாரோ ஒருவர் அவள் அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருப்பார்.