உத்தனப்பள்ளி இழவு வீட்டில் என் கார் பாடிய விவரம்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் வெங்கடசாமி அவர்களுக்கு,

ஓசூர் கங்கப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அஞ்செட்டியில் தாங்களும் அக்காவும், புதிதாகக் கன்று ஈன்ற மாடும், அந்தக் கன்றும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சௌக்கியத்தைப் பற்றி எழுதினால் பொய்யாகிவிடும், ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். போனில் பேசலாம் என்றால் உங்கள் ஊரில் ‘ஹலோ’ என்பதற்குள் சிக்னல் போய்விடுகிறது. தப்பித் தவறிக் கிடைத்தாலும் போனை எடுப்பது தங்கள் தங்கை கெம்பம்மா, என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். எனவே இந்தக் கடிதத்தைத் தக்காளி வண்டி ஓட்டும் மணி கையில் கொடுத்தனுப்புகிறேன். என்னிடம் கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்ததற்கான காரணத்தை அவள் ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள், உத்தனப்பள்ளிக்காரர்கள் வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நடந்தது இதுதான்.

நான் ரிட்டையர் ஆனதும் பெங்களூரில் ஒரு டாக்டரிடமிருந்து பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கியது தங்களுக்குத் தெரியும். கறுப்பு நிறம், தோல் சீட், உள்ளே உட்கார்ந்தால் வெளியே லாரி போவதே கேட்காது. அந்தக் காரில் கதவுக்குக் கதவு, சீட்டுக்கு அடியில், பின் கண்ணாடி ஓரத்தில் என்று எங்கே தொட்டாலும் ஸ்பீக்கர். ஆனால் பாடியது ஒன்றே ஒன்று, பின்னால் இடது கதவில் இருப்பது. கெம்பம்மா முதல் நாளே அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள், அதற்குப் பிறகு முன் சீட்டுக்கு வரவே இல்லை. அவளுக்கு வலது காது மந்தம் என்பது தாங்கள் அறிந்ததே. அந்த ஸ்பீக்கர் சரியாக அவளுடைய இடது காதுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் டிரைவர் மாதிரி முன்னால் ஓட்ட, அவள் மகாராணி மாதிரி பின்னால் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பாள். “என்ன சொல்றாங்கன்னு யாரையும் கேக்காம நானே கேக்கறேங்க,” என்று ஒருமுறை சொன்னாள். அப்போதே நான் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்க வேண்டும்.

ஆனால் மச்சான், நான் வேலை செய்த காலமெல்லாம் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். ஒரு போல்ட்டில் முடி அளவு கோணல் இருந்தாலும் தூக்கிப் போட்டவன். இத்தனை ஸ்பீக்கர் இருந்து ஒன்று மட்டும் பாடுகிறது என்றால் என்னால் எப்படி நிம்மதியாக ஓட்ட முடியும்? பாகலூர் ரோட்டில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் சாஜித்திடம் போனேன். கெம்பம்மா, “ஓடறத எதுக்குங்க நோண்டறீங்க?” என்றாள். சாஜித், “நீங்க கவலப்படாதீங்கக்கா, ரெண்டு நாள்ல வண்டிய கச்சேரி பண்ண வெச்சிடறேன்,” என்றான். அவன் சொன்ன வார்த்தை பலித்தது, அதுதான் கொடுமை.

டிக்கியைத் திறந்து, ஓரத்து அட்டையைக் கழற்றினால், உள்ளே ஆம்ப்ளிஃபயர் குளித்துக்கொண்டிருக்கிறது. கூரைக் கண்ணாடி வழியாக இறங்கிய மழைத் தண்ணீர் எல்லாம் அதன் தலையில்தான் விழுந்திருக்கிறது. காய வைக்க வேண்டும் என்றான். அரிசியில் புதைத்து வைத்தால் ஈரம் போகும் என்று எங்கேயோ பார்த்த ஞாபகத்தில் நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசி டிரம்மில் புதைத்தேன். சொல்லாமல் புதைத்தது தப்புதான். கெம்பம்மா படி அரிசி அள்ளப் போய், கையில் ஏதோ ஒயரோடு வருகிறதே என்று போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு கோபி ஓடி வந்துவிட்டார். அந்த வாரம் முழுக்கச் சோற்றில் ஒரு எண்ணெய் வாசனை. நான் வாசனை இல்லை என்றேன். அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

ஆம்ப்ளிஃபயரைக் கழற்றியதும் கார் முழு ஊமையாகிவிட்டது. பாட்டு மட்டும் இல்லை, சகலமும். இந்தக் காரில் எல்லாப் பெட்டிகளையும் நூல் மாதிரி ஒரு ஒயர் வளையமாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறதாம், அதில் கரண்டுக்குப் பதிலாக வெளிச்சம் ஓடுகிறதாம். நடுவில் ஒருத்தர் கையை விட்டால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்களாம். இண்டிகேட்டர் போட்டால் டிக் டிக் இல்லை. பின்னால் எடுத்தால் வழக்கமாக ‘பீப் பீப்’ என்று கத்தும், அதுவும் இல்லை. அந்தச் சத்தத்தை நம்பியே பழகிவிட்ட நான், கத்தவில்லையே, இடம் இருக்கிறது போலும் என்று எடுத்துக்கொண்டே போய் கோபியின் புது கேட்டில் போய் நின்றேன். கேட் இப்போது திறந்தால் மூடுவதில்லை. கோபியும் நானும் பேசுவதில்லை.

அரிசியில் கிடந்தது பிழைக்கவில்லை. சாஜித் பெங்களூருக்குப் போய், உடைத்து விற்கும் கடையிலிருந்து வேறொரு காரின் ஆம்ப்ளிஃபயரை வாங்கிவந்து மாட்டினான். அது தன்னை இன்னும் அந்தப் பழைய கார் என்றே நினைத்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. யாரோ ஒரு பெண்மணி ஜெர்மன் மொழியில் என்னை அதட்ட ஆரம்பித்தாள். இடது பக்கம் திரும்பினால் அதட்டல், பெல்ட் போடாவிட்டால் அதட்டல். கெம்பம்மா, “யாருங்க அவ? என்னவாம்?” என்று கேட்டாள். எனக்கு மட்டும் தெரியுமா? சத்தத்தைக் குறைக்கும் திருகைத் திருகினால் ஏசி குளிர்ந்தது. இருந்தாலும் எல்லா ஸ்பீக்கரும் வேலை செய்தன மச்சான்! சோதித்துப் பார்க்க சாஜித் ஒரு பென் டிரைவில் குத்துப்பாட்டுகளைப் போட்டுச் செருகியிருந்தான். “ரெண்டு நாள் இப்டியே ஓட்டுங்கண்ணா, செட் ஆயிடும்,” என்றான்.

மறுநாள்தான் உங்கள் சித்தி மகள் சாந்தம்மாவின் மாமனார் காலமான செய்தி வந்தது. மாடு கன்று போடும் சமயம் என்பதால் தங்களால் வர முடியவில்லை. அந்த வகையில் தாங்கள் கொடுத்துவைத்தவர். நாங்கள் மாலை வாங்கிக்கொண்டு ராயக்கோட்டை ரோட்டில் உத்தனப்பள்ளிக்குப் போனோம். வழியெல்லாம் கார் சாதுவாக வந்தது, ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. இழவு வீட்டின் முன்னால், பந்தலுக்குப் பக்கத்தில், தப்பட்டைக்காரர்கள் ஓய்வாக டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்தினேன். சாவியை எடுத்தேன். கார் அதையே ஆரம்பம் என்று எடுத்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பந்தல் தகரம் அதிர்ந்தது. பிணத்தைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். நான் சாவியைப் போட்டேன், எடுத்தேன், எல்லா பட்டனையும் அமுக்கினேன். டிக்கி திறந்தது, சத்தம் இரண்டு மடங்கானது. பேட்டரியைக் கழற்றலாம் என்றால் அதுவும் டிக்கிக்குள்தான், ஸ்பானர் இல்லாமல் ஆகாது. தப்பட்டை மேஸ்திரி டீ டம்ளரோடு எழுந்து வந்து, “ஏங்க, எங்களயும் வரச் சொல்லிட்டு இது வேற ஏற்பாடா?” என்று சண்டைக்கு நின்றார். நான் கும்பிட்டேன். அவர் ஒரு நிமிடம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, குச்சியை எடுத்துக் காரின் தாளத்துக்கு மேலேயே அடிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். தொழிற்பேட்டைப் பையன்கள், சூளகிரியிலிருந்து வந்திருந்த சம்பந்திகள், துண்டைக் கட்டிக்கொண்டு ஆடாத ஆளில்லை. சாந்தம்மாவின் புருஷன் கண்ணீரோடு வந்து என் கையைப் பிடித்து, “எங்கப்பாவுக்காக இவ்ளோ செஞ்சிருக்கீங்களே அண்ணா,” என்றான்.

ஊரே ஆடியது, கெம்பம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள். நான் பக்கத்தில் போனேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “எனக்கு ஒண்ணே ஒண்ணு பாடிட்டிருந்துச்சு. அதயும் புடுங்கிட்டீங்க. இப்ப எல்லாம் சேந்து கத்துது, ஒரு வார்த்த எனக்குப் புரியல,” என்றாள். மண் போட்டுவிட்டு வந்து பார்த்தால் ஆள் இல்லை. பஸ் ஏறிவிட்டாள் என்றார்கள். பேட்டரி தீர்ந்துதான் கார் வாயை மூடியது. அதை இழுத்துக்கொண்டு வர வண்டி பிடித்தேன்.

மச்சான், இந்த வீட்டில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. காலையில் நானே டீ போட்டுக் குடிக்கிறேன், அது டீ மாதிரி இல்லை. டிவியை அவள் வைக்கும் அளவுக்குச் சத்தமாக வைத்துப் பார்த்தேன், கோபி வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவளைச் சமாதானப்படுத்தி உடனே அனுப்பிவையுங்கள். அவள் நம்புவதற்காக ஒரு காரியம் செய்துவிட்டேன். காரை இன்று காலை விற்றுவிட்டேன். கிருஷ்ணகிரியில் பேண்டு செட் வைத்திருக்கும் விமல்ராஜ் என்பவர் வாங்கிக்கொண்டார். குறையை மறைக்கக் கூடாதே என்று, “பாட்டு ஆரம்பிச்சா ஆஃப் ஆகாதுங்க,” என்று சொன்னேன். “அதுக்குத்தாங்க வாங்கறேன்,” என்றார். வண்டி தெருமுனை திரும்பும்போது அந்த ஜெர்மன் பெண்மணி அவரை அதட்டியது கேட்டது. எனக்கு மனம் லேசாகிவிட்டது. இனி பஸ்தான். கெம்பம்மா எந்த சீட்டில் உட்காரச் சொல்கிறாளோ அதில் உட்காருவேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், கன்றுக்குட்டிக்கு என் ஆசீர்வாதத்தையும் சொல்லவும். தங்கள் வீட்டில் பாலும் தானியமும் குறைவின்றிப் பெருக அந்த மலைத் தெய்வம் துணை நிற்கட்டும்.

தங்கள் அன்புக்கும் இரக்கத்துக்கும் காத்திருக்கும்,
கங்கப்பன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கெம்பம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டாம். மணியின் வண்டிக்காகக் காத்திருந்தபோது அவளே கூப்பிட்டாள், சிக்னலுக்காகக் கோயில் மேட்டில் ஏறி நின்று பேசுகிறாளாம். “சாந்தம்மா போன் பண்ணி அழுதாளுங்க. அவ மாமனாருக்கு வாச்ச மாதிரி ஒரு போக்கு அந்த ஊர்ல யாருக்கும் வாய்க்கலையாம். நானும் இங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன், யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. வெள்ளிக்கிழம கார எடுத்துட்டு வாங்க, அண்ணி, பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் ஒகேனக்கல் போலாம்னு நிக்கறாங்க. சத்தத்த கித்தத்த ரிப்பேர் பண்ணி வெச்சிடாதீங்க,” என்கிறாள். ஆகையால் மச்சான், தயவுசெய்து அவளை அனுப்ப வேண்டாம், எப்படியாவது இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே வைத்திருங்கள். நான் கிருஷ்ணகிரிக்குக் கிளம்புகிறேன். விமல்ராஜுக்குப் போன் செய்தேன், எடுத்தார். நான் சொன்ன ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்கவில்லை, பின்னால் என் கார் பாடிக்கொண்டிருந்தது.